ரெண்டு சைட்டுக்கு ஒரு இசிஎம் மெஷின்: வாடகைக்கு எடுக்கும் முன்

சேற்றுத் தண்ணீரைத் தெளியவைத்து வடிகாலில் விடும் இசிஎம் (மண் கட்டுப்பாட்டு) மெஷினைத் தனியாக எடுத்தால் வாடகை கையைக் கடிக்கும். அதனால் ஒரே கால்வாய்க்குத் தண்ணீர் அனுப்பும் இரண்டு பக்கத்துக் கட்டுமானத் தளங்கள் சேர்ந்து ஒன்றை எடுப்பது நல்ல யோசனைதான். மெஷினுக்குத் தாராளமாக மார்க் போடலாம். வழக்கமாக பில்லைப் பிரிக்கும் முறைக்குப் போட முடியாது.

வேலை செய்யும் விதம் எளிது. சைட் ஓர வாய்க்கால்களில் வரும் தண்ணீர் தேக்கத் தொட்டியில் சேரும். பம்ப் அதை இழுக்கும்போது முதலில் பிஏசி (பாலி அலுமினியம் குளோரைடு), அடுத்து பாலிமர் என இரண்டு மருந்துகள் கலக்கும். களிமண் பால் திரிந்த மாதிரி கட்டிகட்டியாகி, 60 பாகை சாய்ந்த தகடுகளில் வழுக்கிக் கீழே இறங்கும். வெளியேறும் தண்ணீரில் டிஎஸ்எஸ், அதாவது மிதக்கும் மண்துகள், லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது சிங்கப்பூரில் தண்ணீரையும் வடிகாலையும் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வரம்பு. தாண்டினால் வால்வு தானாகத் திரும்பி, தண்ணீரைத் தொட்டிக்கே அனுப்ப வேண்டும். தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. காலாங் ஆற்றில் போகும் கலங்கல் மரினா நீர்த்தேக்கத்தில்தான் போய் நிற்கும்.

முதல் கோளாறு தொட்டி அளவில் வரும். 1 ஹெக்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 கனமீட்டர் தண்ணீர். 0.8 ஹெக்டர் தளத்தில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 400 கனமீட்டர். அதில் 70 விழுக்காடு ஓடிவந்தாலும் 280. மணிக்கு 30 கனமீட்டர் மெஷின் அதைத் தின்று முடிக்க ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை தண்ணீரைத் தாங்க தொட்டி வேண்டும். பம்ப்பைக் கூட்டி ஓட்டிச் சமாளிக்கலாம் என்றால், திரண்ட கட்டி இறங்க நேரமில்லாமல் தகட்டுக்கு மேலேயே வழிந்துவிடும். பெரிய மெஷினைவிடப் பெரிய தொட்டி மலிவு. மண்ணைக் கான்வாஸ் போட்டு மூடுவது அதைவிட மலிவு; வாடகைக் கம்பெனி இதை வாய்விட்டுச் சொல்லாது.

மருந்து அளவைக் கண்ணால் பார்த்துப் போடக்கூடாது. ஐந்தாறு பீக்கரில் தலா ஒரு லிட்டர் சேற்றுத் தண்ணீர் எடுத்து, 1 விழுக்காட்டு பிஏசி கரைசலை 2, 4, 6 மில்லி என ஏற்றிக்கொண்டே போக வேண்டும். 1 மில்லி என்றால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பாலிமர் சேர்த்து, பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, கால் மணி நேரம் விட்டால் எந்தப் பீக்கர் தெளிகிறது என்று தெரியும். சிவப்பு மண்ணுக்குச் சரியான அளவு சாம்பல் நிறக் கடல் களிமண்ணுக்குப் பொருந்தாது. தோண்டும் ஆழம் மாறினால் மறுபடி செய்ய வேண்டும். பாலிமர் கூடிப்போனால் தண்ணீர் தொட்டால் வழவழக்கும், தகடுகள் அடைத்துக்கொள்ளும். கான்கிரீட் கழுவிய தண்ணீர் கலந்தால் பிஹெச் 11, 12 என்று ஏறி பிஏசி சரியாக வேலை செய்யாது. கரியமில வாயுவோ அமிலமோ விட்டு இறக்கிய பிறகுதான் மருந்து.

டிஎஸ்எஸ் மீட்டர் உண்மையில் வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. கண்ணாடியில் பாசி படிந்தால் தெளிந்த தண்ணீரையும் கலங்கல் என்று காட்டும், மெஷின் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டே இருக்கும். தினமும் துடைக்க வேண்டும். அந்தந்த மண்ணின் மாதிரியை ஆய்வுக்கூடத்தில் வடிகட்டி எடுத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். மழைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. வாடகையில் சேர்ந்து வரும் ஆபரேட்டருக்குத் தெரியும். அன்று அவர் வருவாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி பில். பரப்பளவைப் பார்த்துப் பங்கு போடுவது ஊருலக வழக்கம். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் ஒரே கால்வாய்க்கு மழைநீர் விடும் நகராட்சிகள்கூடப் பெரும்பாலும் நிலப்பரப்பை வைத்தே செலவைப் பிரித்துக்கொள்கின்றன. சைட்டில் அது அநியாயமாகிவிடும். 40 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். வெறும் மண்ணாகக் கிடக்கும் 0.5 ஹெக்டர் தளத்திலிருந்து 100 கனமீட்டர், லிட்டருக்கு 2,000 மில்லிகிராம்: 200 கிலோ சேறு. பாதிக்கு மேல் கான்கிரீட் போட்ட 1 ஹெக்டர் தளத்திலிருந்து 300 கனமீட்டர், லிட்டருக்கு 300 மில்லிகிராம்: 90 கிலோ. பரப்பளவுக் கணக்கில் முதல் தளம் மூன்றில் ஒரு பங்குதான் கட்டும். சேற்றிலோ 69 விழுக்காடு அதனுடையது.

மெஷினின் அளவைத் தீர்மானிப்பது தண்ணீர். எனவே வாடகையும் ஆள்கூலியும் கனமீட்டர் கணக்கில், 25-க்கு 75. மருந்தும் சேறு அள்ளும் லாரியும் கிலோ கணக்கில், 69-க்கு 31. இதற்கு இரண்டு குழாய்களும் தொட்டியில் கலப்பதற்கு முன்பே தனித்தனி ஃப்ளோ மீட்டரும் மாதிரி எடுக்கும் குழாயும் வேண்டும். கலந்த பிறகு யார் சேறு என்று கடவுளுக்கும் தெரியாது. வடிகாலில் கலங்கல் போனால் அது யாருடையது என்று அங்கே கண்காணிக்கும் கேமராவுக்கும் தெரியாது. பதில் சொல்லும் பொறுப்பு எந்தத் தளத்துக்கு என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கி, இசிஎம் வரைபடம் போடும் இரண்டு தளத்து நிபுணப் பொறியாளர்களும் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

கொட்டேஷனில் இன்னும் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள்: ஒப்பந்தம் முடிந்து மெஷினைத் தூக்கும் நாளில் தொட்டி அடியில் ஒரு மீட்டர் சேறு நிற்கும், அதற்கு மேல் தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிடும். அதை அள்ளுவது யார் என்று பெரும்பாலும் எழுதியிருக்காது.