பஞ்சுவை எந்த டாக்டரிடம் ஒப்படைப்பது?

எங்கள் முயல் பஞ்சுவுக்கு இரண்டரை வயது. எடை 1.8 கிலோ. குட்டியாக வந்த நாளிலிருந்து அவளைப் பார்த்துவந்த டாக்டர், பிப்ரவரியில் கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு இருக்கக் கோவைக்குப் போய்விட்டார். போகும் முன் ஒன்றை அழுத்திச் சொன்னார்: "இந்த வருஷம் கருப்பை எடுக்கிற ஆபரேஷனைச் செய்துடுங்கம்மா." பெட்டை முயலுக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். மூன்று, நான்கு வயதைத் தாண்டினால் அந்த ஆபத்து வேகமாகக் கூடும். தள்ளிப்போட முடியாது. அவளை மயக்கத்தில் படுக்கவைத்து வயிற்றைத் திறக்கப்போகிற ஒருவரை, முன்பின் பழக்கமில்லாத ஒருவரை, நான் நம்பியாக வேண்டும்.

நாங்கள் இருப்பது குரோம்பேட்டையில். என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, பத்து நிமிட நடையில் இருக்கும் கிளினிக். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற டாக்டர், பெரும்பாலும் நாய், பூனை பார்க்கிறவர். இரண்டு, நகரின் மறுகோடியில் பறவை, முயல், வெள்ளெலி போன்றவற்றையே அதிகம் பார்க்கும் ஓர் இளம் டாக்டர். ஒன்றேகால் மணி நேரப் பயணம். மூன்று, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

வேப்பேரியை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 1903இல் தொடங்கிய கல்லூரி அது. எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. செலவும் குறைவு. எலும்பு முறிவு, சிக்கலான கட்டி என்றால் நான் யோசிக்காமல் அங்கேதான் போவேன். ஆனால் பஞ்சு பயந்த சுபாவம். பெரிய மருத்துவமனையில் நாய்களின் வாசனைக்கும் குரைப்புக்கும் நடுவே காத்திருப்பதே அவளுக்கு ஒரு நோய். முயலுக்குப் பயம் வந்தால் குடல் ஓட்டம் மந்தமாகும், தீனி நிற்கும். தவிரவும், இந்த ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் அவளை ஒரே ஆள் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். ஆகவே வேப்பேரியை அவசரத்துக்கும் இரண்டாவது கருத்துக்கும் என்று வைத்துக்கொண்டேன். உண்மையான தேர்வு மற்ற இருவருக்கும் நடுவில்தான்.

மார்ச்சில் பஞ்சுவின் மூக்கில் சளி ஒழுகியது. பக்கத்து டாக்டரிடம் கொண்டுபோனேன். அன்பான மனிதர். காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர், நான் கவனிக்காத ஒன்றை உடனே பிடித்தார். காது மடலின் உள்ளே சொறி தொடங்கியிருந்தது. ஐவர்மெக்டின் ஊசி, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று என்றார். அது சரியான வைத்தியம், குணமும் ஆனது. தமிழ்நாட்டில் முயல் என்றால் பல காலமாகப் பண்ணை விலங்குதான். கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்திலேயே இறைச்சிக்கான முயல் இனங்களை வளர்க்கிறார்கள். கிராமத்துக் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்தவர்களுக்குச் சொறியும் ரத்தக்கழிச்சலும் அத்துப்படி. அந்த அனுபவத்தை நான் குறைவாக நினைக்கவில்லை.

ஆனால் சளிக்கு அவர் எழுதியது அமாக்சிசிலின் சிரப். பென்சிலின் வகையைச் சேர்ந்தது, நாய்க்கும் பூனைக்கும் தினமும் எழுதுகிற மருந்து. முயலுக்கு அதை வாய்வழி கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நஞ்சு கக்கும் கிருமிகள் பெருகும். கழிச்சல் கண்டு சில நாட்களில் இறந்தே போகலாம். ஆம்பிசிலினும் கிளிண்டமைசினும் அப்படித்தான். பென்சிலினைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுவது வேறு விஷயம், அதை முயல்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். எனக்கு இது தெரிந்திருந்ததற்குக் காரணம், பழைய டாக்டர் பஞ்சுவின் ஃபைலில் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதிவைத்திருந்த ஒரு வரி: "பென்சிலின் வகை வாய்வழி கூடாது."

மருந்துக் கடையிலிருந்து அப்படியே திரும்பிப் போய் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சீட்டைக் கிழித்துவிட்டு என்ரோஃப்ளாக்சசின் எழுதினார். "நல்ல வேளை, வந்து காட்டினீங்கம்மா. பண்ணையில கூட்டத்துக்கு வைத்தியம் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம்" என்றார். அந்த நேரத்தில் எனக்குக் கோபமும் வந்தது, மரியாதையும் வந்தது. இன்றைக்கும் இரண்டும் இருக்கின்றன. தப்பைச் சொன்னதும் ஏற்றுக்கொள்கிற டாக்டர் அரிது. அதே சமயம், அந்தச் சிவப்பு வரி இல்லாத வீட்டு முயலுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்றும் அங்கே உறுத்தியது. உதவிக்கு இருந்த பையன் பஞ்சுவைப் பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கினான். பின்னங்கால்கள் தொங்கின. முயலின் எலும்பு லேசானது, பின்னங்கால் தசையோ பலமானது. தாங்கல் இல்லாமல் உதறினால் முதுகெலும்பே முறியும். நான் ஓடிப்போய்க் கையைக் கீழே கொடுத்தேன்.

ஏப்ரலில் ஒரு விடியற்காலை, வெயில் ஏறும் முன், இளம் டாக்டரிடம் போனோம். அவர் பஞ்சுவைத் தொடுவதற்கு முன்பே இருபது நிமிடம் கேள்வி கேட்டார். என்ன புல், ஒரு நாளைக்கு எவ்வளவு? பசுந்தீவனம் எது, வேலிமசால் செடியா, குதிரைமசால் செடியா? கடையில் விற்கும் குருணைத் தீவனம் எத்தனை ஸ்பூன்? புழுக்கை எந்த அளவு, காய்ந்து உருண்டையாக இருக்கிறதா, முடியில் கோத்து வருகிறதா? குதிரைமசாலைக் குறைக்கச் சொன்னார். வளர்ந்த முயலுக்கு அதில் கால்சியம் அதிகம் என்றும், சாப்பாட்டில் பெரும்பங்கு காய்ந்த புல்லாக இருக்க வேண்டும் என்றும் காரணத்தோடு விளக்கினார்.

பிறகு மேஜையில் துண்டு விரித்து, பஞ்சுவின் பின்பக்கத்தைத் தன் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டார். கிராம் காட்டும் தராசில் நிறுத்தார். இவ்வளவு சிறிய உடம்புக்கு நூறு கிராம் வித்தியாசமும் மருந்தளவை மாற்றும். காது பார்க்கும் கருவியையே வாய்க்குள் மெல்ல நுழைத்துக் கடைவாய்ப் பற்களைப் பார்த்தார். முயலுக்கு 28 பற்கள், அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. கடைவாயில் ஒரு பல் கூர்மையாகி நாக்கைக் குத்தினாலும் தீனியை விட்டுவிடும். முன்பல்லை மட்டும் பார்த்து அனுப்பினால் அது தெரியாது. பஞ்சுவை மல்லாக்கப் போட்டு அசையாமல் வைக்கும் வித்தையை அவர் செய்யவில்லை என்பதையும் கவனித்தேன். அப்படிக் கிடக்கும் முயல் அமைதியாக இல்லை, பயத்தில் உறைந்திருக்கிறது.

அப்புறம் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். எனக்கு வழி காட்டியது அந்த உரையாடல்தான், அதனால் முழுவதையும் சொல்கிறேன்.

"ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பட்டினி போடணுமா, மேடம்?"

"கூடவே கூடாது. முயலால வாந்தி எடுக்க முடியாது, அதனால நாய்க்குச் சொல்ற அந்தக் காரணம் இதுக்கு இல்ல. குடல் காலியானா நின்னுடும். வாய் சுத்தமா இருக்க, கடைசி ஒரு மணி நேரம் மட்டும் தீனியை எடுத்துடுவோம்."

"வலிக்கு?"

"மெலாக்சிகாம். மறுநாள் மட்டும் இல்ல, சில நாள் தொடர்ந்து. வலி இருந்தா அவ சாப்பிட மாட்டா."

"இதுவரைக்கும் எத்தனை பெட்டை முயலுக்குச் செய்திருக்கீங்க?"

"பதினொண்ணு. ஒண்ணு போயிடுச்சு. மயக்கத்திலேருந்து எழுந்திரிக்கவே இல்ல." சொல்லிவிட்டு, எதனால் என்று தான் நினைப்பதையும், அதற்குப் பிறகு மயக்கம் கொடுக்கும் முறையில் எதை மாற்றினார் என்பதையும் விளக்கினார்.

பதினொன்று பெரிய எண் இல்லை. ஆனால் அந்தப் பதில்தான் என் சந்தேகத்தைத் தீர்த்தது. பக்கத்து டாக்டரிடமும் இதே கேள்விகளைக் கேட்டிருந்தேன். முயலுக்கு இந்த ஆபரேஷனை இரண்டு முறை செய்ததாகவும், முந்தைய இரவு எட்டு மணிக்கு மேல் எதுவும் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். பட்டினி பற்றிய கேள்வியை யார் வேண்டுமானாலும் போனிலேயே கேட்டுப் பார்க்கலாம். ஆனால் டாக்டரிடமே கேளுங்கள். வரவேற்பில் இருப்பவர் நாய்க்கான பதிலைப் பழக்கத்தில் சொல்லக்கூடும்.

இவ்வளவு இருந்தும், தூரம் என்ற ஒன்றை ஒதுக்க முடியாது. முயலுக்கு வியர்க்காது. காது மடல் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். சென்னையில் மே மாதம் ஒன்றேகால் மணி நேரம் ஆட்டோவில் கொண்டுபோவதே உயிருக்கு ஆபத்து. ஏசி கார் வேண்டும், கூடையில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். ஓர் இரவு பஞ்சு தீனியை நிறுத்தி, புழுக்கையும் போடாமல் மூலையில் குறுகி உட்கார்ந்தால், பன்னிரண்டு மணி நேரம் காத்திருப்பதே அதிகம். அந்த நேரத்தில் பத்து நிமிட நடை என்பது எந்தச் சிறப்புப் படிப்புக்கும் குறைந்ததல்ல. கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன்: பக்கத்தில் 300 ரூபாய், தூரத்தில் 700 ரூபாய், கார் வாடகை தனி. பணம் இரண்டாவதுதான், ஆனால் மாதம் மூன்று முறை போக வேண்டி வந்தால் கையைக் கடிக்கும்.

கத்தியை இளம் டாக்டரிடம் கொடுப்பதில் எனக்கு இப்போது தயக்கம் இல்லை. நகம் வெட்ட, காது பார்க்க, திடீரென்று வயிறு உப்பினால் ஓட, பக்கத்து டாக்டர். அதற்காக அவரிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொண்டேன். உதவியாளருக்கு முயலைத் தூக்கும் முறையைக் காட்ட வேண்டும், புது மருந்து எதுவானாலும் இளம் டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு எழுத வேண்டும். சங்கடப்படுவாரோ என்று பயந்தேன். அவர் அங்கேயே போனை எடுத்து அந்த டாக்டரிடம் பேசினார். ஆபரேஷனுக்குப் பிறகு தையலைப் பார்ப்பதையும், சாப்பிடாவிட்டால் சிரிஞ்சில் புல்மாவுக் கூழ் ஊட்டுவதையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். உண்ணிக்கு நாய்களுக்குப் போடும் ஃபிப்ரோனில் மருந்தை முயலுக்குப் போடக்கூடாது என்று இளம் டாக்டர் சொன்னதை, பழைய சிவப்பு வரிக்குக் கீழே பக்கத்து டாக்டர் தன் கையாலேயே எழுதினார்.

கத்திரி வெயில் முடிந்து ஜூலை இரண்டாவது வாரத்துக்கு நாள் குறித்திருக்கிறோம். காலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். கூடையில் அவள் தினமும் படுக்கும் பழைய துண்டு, ஒரு கைப்பிடி புல், கூடவே ஒரு கட்டு கொத்தமல்லி. மயக்கம் தெளிந்ததும் முதலில் அதைத்தான் அவள் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.