கண்ணால் படிப்பதா, வாய்விட்டுப் படிப்பதா?

எழுதி முடித்ததைத் திருத்த உட்காரும்போது நம் முன்னால் இரண்டு வழிகள்: மனசுக்குள் படிப்பது, வாய்விட்டுப் படிப்பது.

கண் எழுத்தெழுத்தாக நகர்வதில்லை. தாவித் தாவிச் செல்கிறது. இடையில் விட்டதை மனமே நிரப்பிக்கொள்ளும். சொந்த எழுத்தென்றால் அடுத்து என்ன வரும் என்பது முன்பே தெரியும். விடுபட்ட சொல்லும் இருப்பதுபோலவே தோன்றும்.

வாய்க்கு அப்படித் தாவ வராது. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வரும். 'வந்து, பார்த்து, கேட்டு' என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், முற்றை எட்டுமுன் மூச்சு தீர்ந்துவிடும். வாக்கியத்தை உடைக்க வேண்டிய இடம் அதுதான். ஒரே பத்தியில் மூன்று முறை வந்த 'ஆனால்' காதை உறுத்தும். உரையாடல் பொய்யாக ஒலித்தால் நாக்கே கூசும். 'கதைச் சொன்னான்' என்று மிகையாக விழுந்த ஒற்றும் அப்போதுதான் பிடிபடும்.

மௌன வாசிப்புக்கும் வேலை உண்டு. ர-ற, ன-ந வேறுபாடு பலர் உச்சரிப்பில் இல்லை. அந்தப் பிழைகளைக் கண்தான் பிடிக்க வேண்டும். பத்திகளை இடம் மாற்றிப் பார்க்கவும் அதுவே வசதி.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் குரலையே எடுப்பேன். முணுமுணுப்பாக அல்ல, எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்பதுபோல, நிதானமாக. தடுமாறும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே படிப்பேன். திருத்துவது அப்புறம்.