குந்து, இரு, வா: தண்டையார்பேட்டை ஞாயிற்றுக்கிழமை நாய் கிளாஸ்

எங்கள் வெல்லம் நாட்டு நாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்து, கொருக்குப்பேட்டை பக்கம் தண்ணீர் வடிய ஆரம்பித்த நாளில், மூடிக்கிடந்த டிபன் கடைத் திண்ணையில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை என் மகன் சட்டைக்குள் வைத்து எடுத்துவந்தான். உருண்டை வெல்லத்தின் நிறம், அதனால் அந்தப் பெயர். நான் வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறேன். தெருவை ஒட்டிய முன்னறையில்தான் மெஷின். அளவு கொடுக்க வருகிறவர்கள் நேராக அங்கேதான் நுழைய வேண்டும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாய்க்குப் பயிற்சி என்பது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் பிழைப்பு அதில் மாட்டிக்கொண்ட பிறகுதான் வேறு மாதிரி யோசித்தேன்.

வெல்லத்துக்கு யாரையும் கடிக்கிற எண்ணம் கிடையாது. ஆள் வந்தால் சந்தோஷம் தாங்காமல் மேலே தாவும், அவ்வளவுதான். பல வருடமாக என்னிடம் தைக்கிற ஓர் அம்மா கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் ப்ளவுஸ் வாங்க வந்தார். வெல்லத்தின் நகம் அவர் முந்தானையில் மாட்டிப் பட்டு இழை வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. ஆனால் அதன் பிறகு என் வீட்டுக்கு வரவும் இல்லை.

இன்னொரு கஷ்டம் சத்தம். வடசென்னையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் சாவு ஊர்வலம் என்றால் மேளமும் பட்டாசும் வீட்டு வாசலை உரசிக்கொண்டு போகும். அது எங்கள் ஊர் மரியாதை, அதைக் குறை சொல்ல மாட்டேன். 2024 தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் அப்படி ஓர் ஊர்வலம் போனபோது வெல்லம் செயினை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. இரண்டு நாள் தேடினோம். காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற இடத்தில், பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தது.

உடனே வீட்டுக்கு வந்து பயிற்சி தருகிற ஒருவரைப் பிடித்தோம். எட்டாயிரம் ரூபாய், முன்பணமாகவே. கழுத்தை இறுக்குகிற செயினும் ஒரு பிரம்பும் கொண்டுவந்தார். பத்து நாளில் நாய் அவரைப் பார்த்தால் உட்கார்ந்தது. அவர் போன பிறகு, கொடியில் துணி போட நான் கையைத் தூக்கினாலே பல்லைக் காட்டியது. அந்தப் பணத்தைவிட, அந்தப் பத்து நாளை எப்படித் திரும்ப எடுப்பது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

மாதவரம் பக்கம் இருக்கிற என் அண்ணி சொல்லித்தான் இந்த கிளாஸ் தெரிந்தது. பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. மைதானத்தில் நடைப்பயிற்சி போகிறவர்களிடம் "ஞாயிற்றுக்கிழமை நாய் கிளாஸ்" என்று கேட்டால் கைகாட்டுவார்கள். தண்டையார்பேட்டை மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம். சொல்லிக்கொடுப்பவர் போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் அவர் மாஸ்டர். கூட நான்கைந்து பேர் சம்பளம் இல்லாமல் உதவுகிறார்கள், எல்லாரும் முன்னால் இங்கே நாயோடு வந்து கற்றுக்கொண்டவர்கள். பத்து வாரத்துக்கு 1,500 ரூபாய் கொடுத்தேன். தெரு நாயைச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்கிறவர்கள் அந்த நாயைக் கூட்டிவந்தால் பணம் வாங்குவதில்லை.

முதலில் கேட்டது ரேபிஸ் ஊசி கார்டு. அது இல்லாமல் மைதானத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். முதல் ஞாயிறு எந்தப் பயிற்சியும் இல்லை. ஓரமாக உட்கார்ந்து மற்ற நாய்களைப் பார்க்கச் சொன்னார்கள். வெல்லம் எதைப் பார்த்து வாலை ஒடுக்குகிறது, எப்போது உதட்டை நக்குகிறது, தூக்கம் வராமலே எப்போது கொட்டாவி விடுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் காட்டினார் உதவிக்கு இருந்த ஒரு பெண். கொட்டாவி பயத்தின் அடையாளம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பிரம்புக்காரர் வந்த நாட்களில் வெல்லம் எத்தனை முறை கொட்டாவி விட்டது என்று நினைத்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தும் அது மனதை விட்டுப் போகவில்லை.

இரண்டாம் வாரம் மாஸ்டர் கேட்ட கேள்வி: "வீட்ல ஒக்காருன்றதுக்கு என்னா சொல்றீங்க?" நான் "உட்கார்" என்பேன், மகன் "சிட்" என்பான், என் மாமியார் "குந்து" என்பார். ஒரே செயலுக்கு மூன்று சத்தம் என்றால் நாய் எதைப் பிடிக்கும்? நாய்க்கு மொழி இல்லை, ஓசைதான். வீட்டில் நாள் முழுக்க நாயோடு இருப்பது மாமியார். அதனால் குந்து என்றே முடிவு செய்தோம். குந்து, இரு, வா, விடு. இந்த நான்கு வார்த்தைதான் பத்து வாரமும். இங்கிலீஷ் தெரியாது என்று தயங்கி நின்ற ஒரு மீன்காரப் பாட்டிக்கு அன்று முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

பயிற்சி முறை எளிது. கோழி ஈரலை வேகவைத்துப் பட்டாணி அளவுக்கு நறுக்கிக் கொண்டுபோக வேண்டும். நாய் குந்திய அதே நொடியில் "சரி" என்று சொல்லி ஒரு துண்டு. "சரி" என்பது தாமதமானால், எழுந்ததற்குக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடும். இதில்தான் முதல் சில வாரம் தடுமாறினேன். நாய் செயினை இழுத்தால் நாம் பதிலுக்கு இழுக்கக் கூடாது, நின்றுவிட வேண்டும். மாஸ்டர் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்துவார்: "டெய்லரம்மா, நீ நில்லு! அது திரும்பிப் பாக்கும், அப்ப குடு!" திரும்பிப் பார்த்தது. செயின் தளர்ந்து தொங்கினபடி வெல்லம் என் பக்கத்தில் முதன்முதலாக முப்பது அடி நடந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆள்மேல் தாவுவதற்கு அவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. என் வீட்டு வாசலில் நடப்பதையே மைதானத்தில் நடத்திக்காட்டினார்கள். ஒருவர் பையோடு வருவார், "அளவு குடுக்கணும்" என்பார். நான்கு காலும் தரையில் இருந்தால் ஈரலும் கொஞ்சலும் கிடைக்கும். தாவினால் வந்தவர் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விடுவார். ஒரு காலையில் இருபது தடவையாவது வந்து போயிருப்பார்கள். புல்வெளியும் காம்பவுண்டும் உள்ள வீட்டுக்கான பயிற்சியை நம் தலையில் கட்டாமல், எட்டடித் தெருவில் வாழ்கிறவர்களுக்கு என்ன தேவையோ அதைச் சொல்லித்தருகிறார்கள். ஷேர் ஆட்டோ உரசிப் போகும்போது சுவரோரம் ஒதுங்கி நிற்பது, மீன் கழிவைப் பார்த்ததும் "விடு", கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் நம் முகத்தைப் பார்ப்பது. கடைசி மூன்று வாரம் கிளாஸே மைதானத்தில் இல்லை, தெருவில்தான்.

மேளத்துக்குப் பயிற்சி தனி. ஐந்தாம் வாரத்திலிருந்து போனில் பதிவு செய்த மேளத்தை, பக்கத்து அறையில் பேச்சு கேட்கிற அளவுக்கு மட்டும் வைத்து, வெல்லத்துக்குச் சோறு வைக்கச் சொன்னார்கள். காதை மடக்கினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும், சோற்றை நிம்மதியாகத் தின்றால் அடுத்த நாள் ஒரு புள்ளி கூட்டலாம். ஏழாம் வாரம் அதே பகுதியில் மேளம் அடிக்கிற இரண்டு தம்பிகள் மைதானத்துக்கே வந்தார்கள். நூறு அடி தூரத்தில் மெதுவாக ஆரம்பித்து, மாஸ்டர் கையைக் காட்டக் காட்டக் கிட்டே வந்தார்கள். ஒரு நாய் நடுங்கினால் உடனே அடிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு அவர்கள் காட்டிய அந்தப் பொறுமையைச் சொல்லாமல் இந்த விமர்சனத்தை முடிக்க எனக்கு மனமில்லை.

சாதனை என்று கேட்டால் குழுவில் எல்லாரும் ஒரே நாயைத்தான் காட்டுவார்கள். எர்ணாவூரில் இருக்கிற லாரி டிரைவர் அண்ணனின் ராஜபாளையம். தூய வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. 2005-இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை போட்டபோது அதில் ராஜபாளையமும் உண்டு, அவ்வளவு பெருமை உள்ள இனம். ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வந்துவிடுகிறது. இதற்கும் இரண்டு காதும் கேட்காது. விற்றவர் சொல்லவில்லை. சொன்ன பேச்சு கேட்காத முரட்டு நாய் என்று வீட்டில் இருந்தவர்களே ஒதுக்கி வைத்திருந்தார்களாம். மாஸ்டர்தான் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

அதன் பிறகு அந்த நாய்க்கு எல்லாமே கையசைவு. உள்ளங்கை கீழே போனால் படு, விரல் மேலே போனால் குந்து, இரண்டு கையையும் விரித்தால் ஓடி வா. தூரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால், கிட்டே போய்த் தரையைக் காலால் ஓங்கி மிதிப்பார் அண்ணன். அதிர்வு தெரிந்து திரும்பும். "சரி" என்பதற்குக் கட்டை விரல். நகரத்தில் நடந்த ஒரு கீழ்ப்படிதல் போட்டியின் தொடக்கநிலைப் பிரிவில் அது இரண்டாம் பரிசு வாங்கியது. நானும் போயிருந்தேன். எஜமானர்கள் நாய்களைப் படுக்கவைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும், மூன்று நிமிடம். பக்கத்தில் ஒரு நாய் குரைத்ததும் வரிசையில் பாதி நாய்கள் எழுந்துவிட்டன. இந்த வெள்ளைக்காரி மட்டும் அண்ணன் கையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

வடசென்னையில் கேரமும் பாக்ஸிங்கும் வளர்ந்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா இந்தப் பக்கத்துப் பெண்தான். கொஞ்சம் இடம், சொல்லிக்கொடுக்க ஓர் ஆள். எங்கள் ஆட்களுக்கு அது போதும்.

குழு செய்கிற மற்ற வேலைகளையும் சொல்கிறேன். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள்: தெரு நாய் துரத்தினால் ஓடாதே, மரம் மாதிரி கையை ஒட்டி வைத்து நில், கண்ணைப் பார்க்காதே. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஊசியைப் பாதியில் நிறுத்தக் கூடாது. மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்கிற பழக்கம் இன்னும் இருப்பதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். 2025 கடைசியில் மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமமும், தோலுக்கடியில் வைக்கிற அடையாள மைக்ரோசிப்பும் கட்டாயம், இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம் என்று சொன்னபோது தெருவில் ஒரே பதற்றம். உரிமக் கட்டணம் 50 ரூபாய்தான், ஆனால் ஆன்லைனில் பதிவது பாதிப் பேருக்குத் தெரியாது. குழுவில் இருக்கிற காலேஜ் பிள்ளைகள் மைதானத்திலேயே போனை வைத்துப் பதிந்து கொடுத்தார்கள். சிப் போட திரு.வி.க. நகர் மாநகராட்சி நாய் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் சேர்ந்தே போனோம். வரிசையில் அத்தனை நாய்களுக்கு நடுவில் வெல்லம் குந்தியபடி இருந்தது.

குறைகளும் உண்டு. மைதானத்தில் நிழல் கிடையாது. காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஐந்தரைக்கே தொடங்கினாலும் ஏழரைக்குத் தரை சுட ஆரம்பித்துவிடும், புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நாயை நடத்த வேண்டியிருக்கிறது. பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை. மழைக்காலத்தில் கிளாஸ் ரத்தாவதை அன்று காலையில்தான் வாட்ஸ்அப்பில் சொல்கிறார்கள். எண்ணூரிலிருந்து கிளம்பி வருகிறவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. மாஸ்டர் நாய்மேல் ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார், ஆனால் மனிதர்களைத் திட்டுவார். புதிதாக வந்த ஒரு சின்னப் பெண் இரண்டாம் வாரத்தோடு நின்றுவிட்டாள். அதை அவரிடம் நேரிலேயே சொன்னேன், கேட்டுக்கொண்டார். கடிக்கிற நாய்களுக்குத் தனி நேரம் வேண்டும் என்பதால் அவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பயந்த நாய்க்குப் பத்து வாரம் போதாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருபது வாரம் போனோம்.

போன மாதம் எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். சாயங்காலம் ஊர்வலம் வந்தது. பட்டாசு இருந்ததால் நான் கதவைச் சாத்திவிட்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெல்லத்தின் உடம்பு நடுங்கியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதவைப் பிறாண்டவில்லை. மெஷின் பெடலுக்குப் பக்கத்தில் வந்து படுத்து என் முகத்தைப் பார்த்தது. "இரு" என்றேன். இருந்தது. மேளம் டி.எச். ரோடு திரும்பிப் போகும் வரைக்கும் ஈரல் துண்டு ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

சேர விரும்புகிறவர்கள் ஊசி கார்டு, ஆறடி நீளத்தில் சாதாரணத் துணி பெல்ட், நாய்க்குத் தண்ணீர், இவற்றை மட்டும் எடுத்துப் போங்கள். கழுத்தை இறுக்கும் செயின் போட்டுப் போனால் வாசலிலேயே கழற்றி வாங்கி வைத்துவிடுவார்கள். ஈரலை உப்பும் வெங்காயமும் போடாமல் வேகவையுங்கள், வெங்காயம் நாய்க்கு ஆகாது.