கோவையா, நாகர்கோவிலா? எட்டு வாரம் நடந்து பார்த்தோம்

திருச்சியில் எங்களுக்கென்று இருந்த வீடு, அம்மா போன மறு ஆண்டே கைமாறிவிட்டது. அதனால் ஊர் திரும்புவது என்று பேச்செடுத்தாலே எந்த ஊருக்கு என்ற கேள்விதான் முதலில் வந்து நிற்கும். கனடாவில் கால்கரியில் 19 ஆண்டுகளாக இருக்கிறோம். அங்கே ஆற்றை ஒட்டிப் போகும் நடைபாதைதான் என்னைத் தாங்கி வளர்த்தது. பனி கொட்டுகிற நாளிலும் காலையில் ஒரு மணி நேரம் நடக்காவிட்டால் எனக்குப் பொழுது விடியாது. ஓய்வு பெற்ற பிறகும் மலை, தண்ணீர், பறவை, கால் வலிக்க ஒரு நடை என்று வாழவேண்டும் என்பது என் ஆசை. கணவருக்கும் அதே ஆசை. பேசிப் பேசிக் கடைசியில் இரண்டு ஊர்கள் மிஞ்சின. 2025 ஜனவரி, பிப்ரவரியில் ஒவ்வொன்றிலும் நான்கு வாரம் வாடகை வீட்டில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, பஸ்ஸில் போய் வந்து பார்த்தோம். எங்களைப் போல யோசிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கோவை முதல் வாரத்திலேயே மனதை அள்ளிக்கொண்டது. ஜனவரி விடியலில் சால்வை தேடுகிற குளிர். உக்கடம் பெரியகுளத்தின் கரையில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை போட்டிருக்கிறார்கள். ஐந்தரை மணிக்கே குல்லாயும் மஃப்ளருமாக ஆட்கள் வந்துவிடுகிறார்கள். வெளிச்சம் பரவியதும் கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்து, ஒன்று தலையைத் தண்ணீரில் முக்கினால் பக்கத்தில் இருப்பவையும் முக்குகின்றன. நான் அங்கேயே நின்றுவிடுவேன்; கணவர் ஒரு சுற்று முடித்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார். கழிவுநீர் கலக்கும் மூலையில் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இவ்வளவு அழகாகக் கரையைக் கட்டியவர்கள் அந்தச் சாக்கடையையும் தடுத்துவிட்டால் எத்தனை நன்றாக இருக்கும் என்று தினமும் நினைத்தேன்.

ஆனால் கோவைக்கு நாங்கள் குறி வைத்தது குளத்துக்காக அல்ல, மலைக்காக. மேற்கே எங்கே திரும்பினாலும் மலை தெரிகிறது. நினைத்த நேரத்தில் ஏறத்தான் முடியாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகி மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அதன் பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன்தான் போகவேண்டும். நாங்கள் பொள்ளாச்சிக்கு மேலே ஆனைமலைக் காட்டில் இருக்கும் டாப்சிலிப்பில் ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்தோம். எங்களோடு வந்தவர் அந்த மலையிலேயே பிறந்த பழங்குடி இளைஞர். காய்ந்த யானை லத்தி ஒன்றைக் குச்சியால் பிளந்து, உள்ளே முளைவிட்டிருந்த விதையைக் காட்டினார். "இந்த மரம் இனி எங்கே நிற்கணும்னு யானைதான் முடிவு பண்ணியிருக்கு அக்கா" என்றார். அந்த ஒரு காலைக்காகவே கோவைக்கு வரலாம். ஆனால் பிப்ரவரி பாதியில் தீக்காலம் வந்ததும் இந்தப் பாதைகளை மூடிவிடுகிறார்கள். மழைக்காலத்திலும் எல்லாம் திறந்திருக்கும் என்று நம்பிக் கிளம்ப முடியாது. ஊட்டிக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போவதென்றால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸுக்கு அது தேவையில்லை என்பதால் நாங்கள் மேட்டுப்பாளையம் வழியாக பஸ்ஸிலேயே போய் வந்துவிட்டோம்.

இங்கே ஒரு கசப்பான அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்தில் ஒரு தங்குமிடத்தில் இரண்டு நாளுக்கு முன்பணம் கட்டினோம். விடியற்காலையில் காட்டுக்குள் நடைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். போன பிறகுதான் தெரிந்தது, அவர்களிடம் எந்த அனுமதியும் இல்லை. யானைகளைத் தடுக்க வெட்டிய அகழியைத் தாண்டும் முன்பே வனக்காவலர் ஒருவர் எங்களை மறித்தார். "ராத்திரி இறங்கின யானை ரெண்டு இன்னும் மேலே ஏறலைங்க. நீங்க திரும்பிடுங்க அம்மா" என்று மிகவும் பணிவாகத்தான் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. யானையின் வழியில் நாம் வீடு கட்டியிருக்கிறோம், தோட்டம் போட்டிருக்கிறோம். மதுக்கரையில் ரயிலில் அடிபட்டு யானைகள் சாவதைத் தடுக்க 2024 முதல் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் தண்டவாளத்தைக் கண்காணிக்கின்றன. நிலைமை அந்த அளவுக்கு வந்துவிட்டது. வனத்துறையின் கெடுபிடி முழுக்க நியாயம். முன்பணத்தைக் கேட்டு மூன்று முறை போன் செய்தோம், திரும்பி வரவில்லை. எந்த விடுதியாவது காட்டுக்குள் கூட்டிப் போவதாகச் சொன்னால், அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள்.

கோவையில் கடைசி வாரம், வீட்டுச் சந்திலேயே ஒரு தெருநாய் கணவரின் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். சீட்டுப் போட்டு, இரண்டு கையிலும் தோலுக்குள்ளேயே ஊசி போட்டு, அடுத்த தேதிகளை எழுதி அட்டை கொடுத்தார்கள். பணம் வாங்கவில்லை. மூன்றாம் நாள் ஊசியும் அங்கேயே முடிந்தது. ஏழாம் நாளுக்குள் நாங்கள் நாகர்கோவிலுக்குக் குடிபோயிருந்தோம். வேறு ஊர் அட்டையை ஏற்றுக்கொள்வார்களோ என்ற பயத்துடன் அரசு மருத்துவமனைக்குப் போனோம். செவிலியர் தேதியைப் பார்த்தார், பதிவேட்டில் எழுதினார், ஊசியைப் போட்டார். இருபத்தெட்டாம் நாள் ஊசியும் அங்கேதான். இந்த ஒரு விஷயத்தில் தமிழ்நாட்டை நினைத்துப் பெருமையாக இருந்தது. காலையில் நடப்பவர்கள் கையில் ஒரு தடியோடு போவது இரண்டு ஊரிலுமே நல்லது.

நாகர்கோவில் முதல் பார்வைக்கு ஏமாற்றம்தான். சாலைகள் குறுகல். கேரளத்துக்குக் கல்லும், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலும் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய லாரிகள் உரசாத குறையாகப் போகின்றன. நடைபாதை என்று எதுவும் இல்லை. முதல் மூன்று நாள் கணவர் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் பக்கத்து வீட்டு அக்கா, "ரோட்டுல ஏன் நடக்கீங்க? சானல்கரையில போங்க" என்றார்.

அன்றிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. மலையணைகளின் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோகும் கால்வாய்களை இங்கே சானல் என்கிறார்கள். அதன் கரை மண்பாதையாகத் தென்னைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. வாயிலுமில்லை, சீட்டுமில்லை. ஒரு பக்கம் முதிர்ந்துவரும் கும்பப்பூ என்ற இரண்டாம் போக நெல், மறுபக்கம் துணி துவைக்கிற பெண்கள், எதிரே கருநீலமாக மலை. ஒரு பையைத் தோளில் மாட்டியபடி சைக்கிளில் வந்த தாத்தா ஒருவர், நாங்கள் ஒதுங்கி நின்றதைப் பார்த்து இறங்கிவிட்டார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி ஏறினார். கால்கரியில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பாதை இருக்கிறது; இப்படி ஒருவர் இறங்கிப் பேசியதில்லை.

தேரூர்க் குளத்துக்கு டவுன் பஸ்ஸில் போனோம். எனக்குக் கட்டணமில்லாச் சீட்டு, அவருக்கு மட்டும் காசு. சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022 முதல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. தாமரை இலைமேல் நீலத்தாழைக்கோழி ஒன்று நீளமான விரல்களை அகல விரித்து நடந்தது. இலை மெல்ல அமுங்கித் தண்ணீர் ஏறும். முழுகுவதற்குள் அடுத்த இலைக்குக் காலை மாற்றிவிடும். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு நாள் பொத்தையடிப் பக்கமிருந்து மருந்துவாழ்மலை ஏறினோம். வியர்க்க வியர்க்க மேலே போனால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் குளங்களும் வயல்களும். காலையில் ஏறி, வெயில் ஏறுவதற்குள் இறங்கி, மதியச் சோற்றுக்கு வீட்டிலிருந்தோம்.

கடலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கரையில் நடக்கலாம், மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் இடத்தில் வலை உலர்த்துவதைப் பார்க்கலாம், முட்டத்தில் பாறைமேல் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கலாம். நீந்துகிற எண்ணத்தோடு வராதீர்கள். முன்னறிவிப்பில்லாமல் பொங்கி ஏறும் அலையை இங்கே கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் அப்படிப்பட்ட அலையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். அந்தக் கரையில் நின்றபோது என் மகளின் வயதுதான் நினைவுக்கு வந்தது.

பெரிய மருத்துவமனைகள், விமான நிலையம் இரண்டிலும் கோவைதான் முன்னால் நிற்கிறது. நாகர்கோவில்காரர்கள் இரண்டுக்கும் திருவனந்தபுரம் போகிறார்கள். சுமார் 70 கிலோமீட்டர். சென்னைக்கு வந்தே பாரத் ரயில் இரண்டு ஊரிலிருந்துமே இருக்கிறது.

நிலம் வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு ஊரிலும் தரகர்கள் எங்களுக்குத் தோப்பையும் வயலையும் காட்டினார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். கோவை அடிவாரக் கிராமங்கள் பலவற்றில் கட்டுவதற்கு ஹாகா என்று சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்பு அனுமதியும் தேவை. "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொல்லும் தரகரை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். பணப் புழக்கத்துக்கு, கனடா போன் எண்ணையே, வெளிநாட்டில் வாழ்பவர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் என்ஆர்இ வங்கிக் கணக்கோடு இணைத்து யூபிஐ பயன்படுத்த முடிகிறது. கிளம்பும் முன்பே வங்கியில் முடித்துக்கொண்டு வாருங்கள், இளநீர்க்காரர்வரை அதில்தான் வாங்குகிறார்கள்.

கணவருக்கு இன்னும் கோவைமேல்தான் ஆசை. டாப்சிலிப் காலையை அவரால் மறக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. ஆனால் அப்படிப்பட்ட காலை நான்கு வாரத்தில் ஒன்றுதான் வாய்த்தது. சானல்கரைக்குத் தினமும் போனேன், செருப்பை மாட்டிக்கொண்டு. எனக்கு நாகர்கோவில்தான். ஓர் ஆண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது என்று அவரும் ஒத்துக்கொண்டார். சுசீந்திரம் போகும் வழியில் ஒரு மாடி வீடு பிடித்திருந்தது. அட்வான்ஸை எடுத்து நீட்டினேன். வீட்டுக்கார அம்மா வாங்கவில்லை. "மக்களே, இங்கே ரெண்டு மழையும் பெய்யும். ஜூன்ல ஒருதரம் வந்து நனைஞ்சு பாருங்க, சானல்கரை சேறா கிடக்கும்போதும் பிடிச்சா அட்வான்ஸ் குடுங்க" என்றார். ஜூன் இரண்டாம் வாரத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம்.