மாமியின் 9.4

இந்த முறை கனடாவிலிருந்து போய் ஒட்டுசுட்டானில் நின்ற மூன்று கிழமையில் முதல் கிழமை முழுக்க மாமியின் இரத்தப் பரிசோதனையோடு போனது. மாமி அப்பாவின் தங்கை, வயது 67. கிணற்றடியிலிருந்து குசினிக்கு ஒரு வாளி தண்ணீர் கொண்டுவருவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு எடுத்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உட்புறம் வெளிறிக் கிடந்தது. "வயசு போனால் இப்பிடித்தான் பிள்ளை" என்று வாளியைத் தூக்கினார். நான் விடவில்லை.

அரச ஆசுப்பத்திரியில் இந்தப் பரிசோதனை இலவசம். ஆனால் மாமியின் கிளினிக் நாள் வர இன்னும் ஆறு நாள் இருந்தது. முடிவைக் கையோடு கொண்டுபோனால் டொக்டருக்கும் உதவும் என்று நினைத்து, ஓட்டோவில் மாங்குளம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனோம். முதல் நாள் தொலைபேசியில் கேட்டபோது லாப்பில் "சாப்பிடாமல் கூட்டி வாங்கோ" என்றார்கள். பட்டினி கிடக்க வேண்டியது சுகருக்கும் சில கொலஸ்ட்ரோல் பரிசோதனைகளுக்கும்தான். மாமிக்குச் செய்தது ஃபுல் பிளட் கவுண்ட், இரத்தத்திலுள்ள குழியங்களை எண்ணும் பரிசோதனை. அது மட்டும் என்றால் சாப்பிட்டுவிட்டே போகலாம். என்ன பரிசோதனை என்று கேளாமல் எல்லாருக்கும் ஒரே பதில் சொல்கிறார்கள். விடிய நாலரைக்கு எழும்பி வெறும் வயிற்றோடு வந்த மாமி, லாப் கதிரையில் தலைசுற்றிச் சாய்ந்தபோது எனக்குக் கோபம் வந்தது.

ஊசி போட்ட பிள்ளையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாள். இரத்தத்தை ஊதா மூடிக் குழாய்க்குள் விட்டு, மெல்ல மெல்ல எட்டுத் தரம் கவிழ்த்து நிமிர்த்தினாள். அந்தக் குழாய்க்குள் ஈடிடிஏ என்ற மருந்து இருக்கிறது. அது இரத்தத்திலுள்ள கல்சியத்தைப் பிடித்துவைத்து, உறையாமல் காக்கும். நன்றாகக் கலக்காவிட்டால் சின்னக் கட்டிகள் விழுந்து எண்ணிக்கை பிழைத்துவிடும். சிலருடைய இரத்தத்தில் இந்த மருந்துக்கே, இரத்தம் உறைய உதவும் சிறுதட்டுக்கள் (பிளேட்லெட்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் குறைத்து எண்ணும். காய்ச்சலும் இல்லாமல், இரத்தக்கசிவும் இல்லாமல் பிளேட்லெட் திடீரென்று குறைவாக வந்தால், கண்ணாடித் தட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்த்தார்களா என்று கேட்பது நல்லது.

பின்னேரம் ரிப்போட் வந்தது. முதல் வரியிலேயே, ஒட்சிசனைக் காவும் ஹீமோகுளோபின் 9.4. எனக்கு நெஞ்சு திக்கென்றது. கனடாவில் என்னுடைய கடைசி ரிப்போட்டில் அது 131. ஒரு கணம் மாமியின் உடம்பில் இரத்தமே இல்லை என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் பக்கத்தில் இருந்த அலகைப் பார்த்தேன். இங்கே டெசிலீற்றருக்கு எத்தனை கிராம் என்று எழுதுகிறார்கள். கனடாவில் லீற்றருக்கு எத்தனை கிராம் என்று. மாமியின் 9.4 அங்கே 94. வெளிநாட்டில் இருந்துகொண்டு வட்ஸ்அப்பில் அம்மா அப்பாவின் ரிப்போட்டைப் பார்க்கிறவர்கள் முதலில் அலகைப் பாருங்கள்.

பத்தால் பெருக்கினாலும் அது குறைவுதான். இங்கத்தைய அலகில், கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழ், ஆணுக்கு 13க்குக் கீழ் போனால் குருதிச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வெண்குழியம் 6,800, சிறுதட்டுக்கள் 4,12,000. இரண்டும் அளவுக்குள் இருந்தன. நான் அதிகநேரம் பார்த்துக்கொண்டிருந்தது எம்.சி.வி என்ற வரியை. ஒரு செங்குழியத்தின் சராசரிப் பருமன் அது. வழமையாக 80க்கும் 100க்கும் இடையில் இருக்கும், மாமிக்கு 71. குழியங்கள் சிறுத்துவிட்டன. இரும்புச்சத்து போதாவிட்டால் இப்படிச் சிறுக்கும். தலசீமியா என்ற இரத்தக் குறைபாடு பரம்பரையில் வந்தவர்களுக்கும் சிறுக்கும். பி12 அல்லது ஃபோலேட் என்ற விற்றமின் போதாவிட்டால் மாறாகப் பெருக்கும். இரத்தம் குறைவு என்றவுடன் கண்டபாட்டுக்கு இரும்புக் குளிசை வாங்கிக் கொடுக்காமல் இந்த வரியைப் பார்க்க வேண்டியது அதனால்தான். பீட்றூட் சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்று அயலில் இரண்டு பேர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களின் அன்பு பெரிது. ஆனால் அந்தச் சிவப்புக்கும் இரும்புக்கும் தொடர்பில்லை.

கிளினிக் நாளன்று விடிய ஆறரைக்கே நம்பர் எடுத்தோம். எங்கள் முறை வரப் பத்தரை ஆனது. இளம் டொக்டர். ரிப்போட்டைப் பார்த்தவுடன், "பழைய ரிப்போட் ஏதும் இருக்கோ அம்மா?" என்று கேட்டார்.

மாமி ஒரு சொப்பிங் பாக்கை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே கிளினிக் கொப்பி, துண்டுகள், மருந்துச் சிட்டைகள், றப்பர் போட்டுக் கட்டிய ரிப்போட்டுகள். 2009க்கு முந்தினது ஒன்றும் இல்லை. முள்ளிவாய்க்கால் வரை காவிக்கொண்டு போன பையில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் தப்பின. கிளினிக் கொப்பி எந்த இடத்தில் விழுந்தது என்று அவருக்கே தெரியாது. முகாமில் பிறகு "முந்தி என்ன வருத்தம், என்ன மருந்து?" என்று கேட்டபோது பதில் சொல்ல ஒரு கடதாசி இருக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு துண்டையும் எறிந்ததில்லை.

அந்தப் பையிலிருந்து டொக்டர் இரண்டு ரிப்போட்டை எடுத்து வரிசையாக வைத்தார். இரண்டு வருசத்துக்கு முதல் 11.9. பத்து மாதத்துக்கு முதல் 10.8. இப்போது 9.4. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு இலக்கம். சேர்த்து வைத்தால் எங்கேயோ மெல்ல மெல்ல இரத்தம் போகிறதோ என்ற சந்தேகம் வருகிறது. மாதவிலக்கு நின்று பதினைந்து வருசமான பெண்ணுக்கு இரும்பு குறைந்தால், சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு இருக்க முடியாது. வயிற்றையும் குடலையும் பார்க்க வேண்டும்.

"நோவுக்கு ஏதும் குளிசை போடுறீங்களோ?"

மாமி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "முழங்காலுக்குத்தான் தம்பி. பாமசியில கேட்டு வாங்கிறது. ஒரு வருசத்துக்கு மேல" என்றார். டைக்ளோபினாக். வெறும் வயிற்றிலும் போட்டிருக்கிறார். இரைப்பையில் புண் வைத்து, கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிய விடக்கூடிய மருந்து. எனக்கும் தெரியாது, மச்சாளுக்கும் தெரியாது. கிளினிக்கில் யாரும் கேட்காதபடியால் மாமியும் சொல்லவில்லை.

டொக்டர் அந்தக் குளிசையை அன்றே நிறுத்தினார். ஃபெரிற்றின் பார்க்கத் துண்டு எழுதினார். உடம்பில் சேமித்து வைத்த இரும்பை அது காட்டும். குழாய் விட்டு வயிற்றின் உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்கு வேறு ஆசுப்பத்திரிக்குக் கடிதம் தந்தார். இரும்புக் குளிசை போடும்போது மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம் என்று முதலே சொன்னார். ஆனால் குளிசை தொடங்குமுன்பே கறுப்பாக, தார் போலப் போயிருந்தால் அது வேறு கதை, உடனே வரவேண்டும் என்றும் சொன்னார். குளிசைக்கு முன்பின் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி கூடாது. இரும்பைச் சேர விடாது. தேசிக்காய்த் தண்ணி நல்லது. இவ்வளவையும் ஏழு நிமிடத்தில் சொல்லி முடித்தார். வெளியே இன்னும் அறுபது பேர் இருந்தார்கள்.

நான் திரும்பி வந்து ஐந்து கிழமையில் மச்சாள் புது ரிப்போட்டைப் படம் எடுத்து அனுப்பினா. ஹீமோகுளோபின் 10.9, எம்.சி.வி 76. எண்டோஸ்கோப்பிக்குத் திகதி கிடைத்திருக்கிறது. இலக்கம் ஏறிவிட்டது, இனி அங்கே போகத் தேவையில்லை என்று மாமி சொல்கிறாராம். போகத்தான் வேண்டும், ஓட்டை அடைபட்டதோ என்று பார்க்காமல் தண்ணி மட்டும் ஊற்றக்கூடாது என்று நேற்றிரவு தொலைபேசியில் முக்கால் மணித்தியாலம் கதைத்தேன். கடைசியில் சம்மதித்தார். பையையும் கொண்டுபோகச் சொன்னேன். "அது இல்லாமல் நான் எங்க பிள்ளை போனனான்?" என்று கேட்டார்.