அக்கா வீட்டுக்கு யு.வி., என் வீட்டுக்கு ஆர்.ஓ.: ஒரே ஊரில் இரண்டு தண்ணீர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சென்னை அயனாவரத்திலிருந்து அக்கா போன் செய்தாள். "டேய், நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணி சேறு மாதிரி ஆயிடுச்சுடா. இதையா இத்தனை வருஷமா குடிச்சோம்?" குரலில் பயம் இருந்தது.

விஷயம் இதுதான். வாட்டர் ப்யூரிஃபையர் விற்க ஒரு பையன் வந்திருக்கிறான். இரண்டு கண்ணாடி டம்ளர்; ஒன்றில் அக்கா வீட்டுக் குழாயில் வரும் மெட்ரோ (சென்னைக் குடிநீர் வாரிய) தண்ணீர், இன்னொன்றில் அவன் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர், அதாவது உப்பைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி, ப்ளக்கைச் சொருகியிருக்கிறான். இரண்டே நிமிடத்தில் மெட்ரோ தண்ணீர் பழுப்பாகி, மேலே திட்டுத்திட்டாக ஏதோ மிதந்திருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றிருக்கிறது. "இதுதான் மேடம் உங்க வயித்துக்குள்ள போகுது" என்று சொல்லி, பதினெட்டாயிரம் ரூபாய் இயந்திரத்துக்கு முன்பணம் கேட்டிருக்கிறான்.

அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்து வந்ததல்ல. கம்பிகளில் ஒன்று இரும்பு. கரைந்த உப்புகள் உள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகத் திரளும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. அதே ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு ப்ளக்கைச் சொருகச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். நல்ல தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களைப் பயமுறுத்தித் தேவையில்லாத இயந்திரத்தைத் தலையில் கட்டும் இந்த வித்தை எனக்கு உண்மையிலேயே கோபத்தை உண்டாக்குகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பேனா போல இருக்கும், சில நூறு ரூபாய்தான். அவள் வீட்டுக் குழாயில் 290 காட்டியது. மேடவாக்கத்தில் என் வீட்டு போர்வெல் தண்ணீரில் அதே மீட்டர் 1,380 காட்டும். ஒரே ஊர், இருபது கிலோமீட்டர் இடைவெளி. ஆனால் இரண்டும் வேறு வேறு தண்ணீர், இரண்டுக்கும் வேண்டிய கருவியும் வேறு.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

டி.டி.எஸ். என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்புகளும் தாதுக்களும் கரைந்திருக்கின்றன என்ற கணக்கு. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 10500. அதன்படி 500 வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லையென்றால் 2,000 வரை அனுமதி. ஆக, அக்கா வீட்டுத் தண்ணீர் உப்பைப் பொறுத்தவரை நல்ல தண்ணீர். என் வீட்டுத் தண்ணீரைக் குடித்தால் உடனே எதுவும் ஆகிவிடாது. ஆனால் நாக்கில் கரிக்கும், பருப்பு வேகாது, குக்கரின் அடியில் வெள்ளையாகப் படியும்.

ஆனால் இந்த மீட்டர் அளப்பது மின்கடத்தலை மட்டும்தான். கிருமியை அது பார்க்காது. சாக்கடை கலந்த தண்ணீருக்கும் 300 காட்டக்கூடும். ஃபுளூரைடு, நைட்ரேட், ஈயம் எதையும் தனியாகப் பிரித்துச் சொல்லாது. அதற்கு ஆய்வகம்தான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்திலும் தண்ணீர் பரிசோதனை உண்டு. பதினைந்தாயிரம் போட்டு இயந்திரம் வாங்குமுன் ஒரு முறை பரிசோதித்துவிடுவது நல்லது. குறிப்பாகத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர் தண்ணீர் குடிப்பவர்கள் ஃபுளூரைடு பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லில் கறை விழும், அளவு கூடக்கூட வருடக்கணக்கில் எலும்பையும் பாதிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான்.

ஆர்.ஓ. என்ன செய்கிறது?

மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விடும் அல்லவா? மாங்காயின் உள்ளே இருந்த தண்ணீர், உப்பு அதிகமாக இருக்கும் வெளிப்பக்கத்துக்கு இழுபடுகிறது. இதுதான் சவ்வூடு பரவல். உப்பு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் தானாகப் போகும். உப்புப் பக்கத்தில் அந்த இழுப்பைவிட அதிகமாக அழுத்தம் கொடுத்தால் ஓட்டம் திரும்பிவிடும். தண்ணீர் மட்டும் நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வைத் தாண்டி வரும், உப்பு பின்தங்கும். திருப்பிவிட்ட சவ்வூடு பரவல், அதாவது ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் இருவரும். 1960-ஐ ஒட்டிய வருடங்களில், வேண்டிய அளவு தண்ணீரை விடுகிற சவ்வை அவர்கள் செய்து காட்டினார்கள். சௌரிராஜன் என்ற பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் நினைவுக்கு வருவார். நம் சமையலறைச் சுவரில் தொங்கும் பெட்டிக்கும் அந்தப் பெயருக்கும் உள்ள உறவு நிறைய பேருக்குத் தெரியாது.

கடல்நீரின் இயல்பான இழுப்பே காற்றழுத்தத்தைப்போல 27 மடங்கு. அதனால் மீஞ்சூர், நெம்மேலி போன்ற கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் ஏறக்குறைய 60 மடங்கு அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது. என் வீட்டு போர் தண்ணீருக்கு அந்த இழுப்பு ஒரு மடங்கு அளவுதான். பெட்டிக்குள் 'கொர்ர்' என்று சத்தம் போடும் சின்ன பம்ப் நாலைந்து மடங்கு அழுத்தினாலே போதும்.

பெட்டிக்குள் தண்ணீர் போகும் வழி: முதலில் மண்ணையும் துருவையும் தடுத்து நிறுத்தும் கேண்டில் என்ற வடிகட்டி. அடுத்து கார்பன்; இது குளோரினை எடுக்கிறது. குளோரின் பட்டால் மெம்பரேன் என்கிற அந்தச் சவ்வு கெட்டுவிடும் என்பதால் கார்பனை உரிய நேரத்தில் மாற்றாதவர்களுக்கு மெம்பரேன் செலவும் சீக்கிரமே வந்து சேரும். அப்புறம் மெம்பரேன். உப்பில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் அங்கேயே நின்றுவிடும். ஃபுளூரைடு, ஆர்செனிக், ஈயம் போன்றவையும் பெருமளவு நிற்கும். மற்ற வீட்டு ஃபில்டர்கள் பெரும்பாலும் செய்யாத வேலை இது.

இதற்கு ஒரு விலை உண்டு. உப்பெல்லாம் சவ்வின் மேலேயே தேங்கினால் சீக்கிரம் அடைத்துவிடும். அதனால் தண்ணீரில் ஒரு பகுதி அந்த உப்பை அடித்துக்கொண்டு வெளியே ஓட வேண்டும். சாதாரண வீட்டு இயந்திரத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வரை இப்படிப் போகிறது. என் வீட்டில் ஒரு நாள் அந்தக் குழாயின் கீழே வாளியை வைத்துப் பார்த்தேன். பத்து லிட்டர் டேங்க் நிரம்புவதற்குள் பதினைந்து லிட்டர் வாளி இரண்டு முறை தளும்பியது.

யு.வி., யு.எஃப்.

யு.வி. என்பது ஒரு புற ஊதா விளக்கு. தண்ணீர் அதைச் சுற்றி ஓடும்போது கிருமிகளின் மரபுப்பொருள் சிதைந்து அவை பெருக முடியாமல் போகும். உப்பைத் தொடாது, சுவையை மாற்றாது, சொட்டுத் தண்ணீர்கூட வீணாகாது. கலங்கல் தண்ணீரில் மட்டும் பலிக்காது, ஏனென்றால் துகள்களின் நிழலில் கிருமி தப்பிவிடும். மின்சாரம் இல்லாவிட்டாலும் வேலை இல்லை.

யு.எஃப். நுண்துளைக் குழல்களால் ஆன சல்லடை. பாக்டீரியாவைத் தடுக்கும், வைரஸை முழுமையாகத் தடுக்கும் என்று நம்ப முடியாது. மின்சாரம் வேண்டாம். இரண்டும் சேர்ந்த இயந்திரம் மெட்ரோ தண்ணீருக்கு நல்ல பொருத்தம்.

காய்ச்சிக் குடிப்பதையும் ஒதுக்கிவிடாதீர்கள். கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டால் கிருமி போய்விடும். உப்பும் ஃபுளூரைடும் போகாது. நீர் ஆவியாவதால் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

சரி, யாருக்கு எது?

டி.டி.எஸ். 500-க்குக் கீழே, குழாயில் வருவது ஆற்று நீர் அல்லது ஏரி நீர் என்றால் யு.வி.யும் யு.எஃப்.பும் சேர்ந்ததே போதும். அங்கே ஆர்.ஓ. வைத்தால் 290-ஐ 25 ஆக்கிச் சப்பென்று குடிப்பீர்கள், போதாததற்கு மூன்று மடங்கு நல்ல தண்ணீரைச் சாக்கடையில் விடுவீர்கள். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. குடத்தோடு லாரிக்காக நின்றவர்களுக்கு அந்த மூன்று லிட்டரின் அருமை தெரியும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் அதே 2019 மே மாதம் 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யவும், மற்ற இடங்களில் 60 விழுக்காட்டுத் தண்ணீரையாவது மீட்கவும் விதி கொண்டுவரும்படி மத்திய அரசிடம் சொன்னது.

500-இலிருந்து 900 வரை நடுவாந்தரம். சுவை பிடித்திருந்து, ஆய்வக அறிக்கையில் ஃபுளூரைடும் நைட்ரேட்டும் அளவுக்குள் இருந்தால் நான் யு.வி. பக்கமே சாய்வேன். அதற்கு மேல் போனால், அல்லது ஃபுளூரைடு கூடுதல் என்றால் டி.டி.எஸ். எதுவாக இருந்தாலும், ஆர்.ஓ. தான். என் வீட்டில் வேறு வழி இல்லை.

அபார்ட்மெண்ட்காரர்கள் ஒரு குழப்பத்தில் விழுகிறார்கள். "எங்க பிளாக்ல சாஃப்ட்னர் இருக்கு, ஆர்.ஓ. மாதிரிதான்" என்பார்கள். இல்லை. சாஃப்ட்னர் கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கும். சோப்பு நுரைக்கும், வாளியில் வெள்ளை படியாது, டி.டி.எஸ். ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

கேன் தண்ணீர்? இருபது லிட்டர் நாற்பது ரூபாய் என்று வைத்தால், இரண்டு நாளைக்கு ஒரு கேன் எடுக்கும் வீட்டுக்கு வருடம் ஏழாயிரத்துச் சொச்சம். என் ஆர்.ஓ.வுக்கு வருடப் பராமரிப்பு நாலாயிரம், இயந்திர விலையை ஏழு வருடத்துக்குப் பங்கிட்டால் இன்னொரு இரண்டாயிரம். கேனை விடக் கொஞ்சம்தான் குறைவு. யு.வி.யில் விளக்கும் கேண்டிலும் மாற்றினால் இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். கேனுக்குள் வருவதும் பெரும்பாலும் ஆர்.ஓ. தண்ணீர்தான், அங்கேயும் கழிவு ஓடும், நம் கண்ணுக்குத் தெரியாது. வாடகை வீட்டில் ஒரு வருடம் இருக்கப்போகிறவர்களுக்கு கேன் வசதி. வாங்கினால் மூடியின் சீல், தயாரித்த தேதி, உரிம எண் மூன்றையும் பாருங்கள். உள்ளே பாசி வாடை அடிக்கும் பழைய கேனை அப்படியே திருப்பி அனுப்புங்கள். வெயிலில் அடுக்கி வைக்கும் கடையில் வாங்கவே வேண்டாம்.

ஆர்.ஓ. வாங்குவதென்றால்

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 'எட்டுக் கட்டச் சுத்திகரிப்பு', 'ஒன்பது கட்டம்' என்பதையெல்லாம் நான் பொருட்படுத்துவதில்லை. ஒரு லிட்டருக்கு எவ்வளவு தண்ணீர் வெளியே போகிறது என்று கேளுங்கள். அப்புறம், சர்வீஸ்காரர் உங்கள் தெருவுக்கு எத்தனை நாளில் வருவார் என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். இயந்திரம் எந்த நிறுவனத்துடையது என்பதைவிட இது முக்கியம் என்பது பத்து வருட அனுபவம்.

டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற சின்னத் திருகில் கொஞ்சம் கவனம் வேண்டும். சுவைக்காகச் சுத்திகரித்த தண்ணீரோடு மெம்பரேனைத் தாண்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும் வால்வு அது. போரில் இருப்பது வெறும் உப்பு என்றால் பரவாயில்லை. ஃபுளூரைடோ நைட்ரேட்டோ இருந்தால் அதையும் சேர்த்துக் கலப்பீர்கள். அங்கே திருகை முழுக்க மூடச் சொல்லிவிட்டு, தாது சேர்க்கும் கேட்ரிட்ஜ் உள்ள இயந்திரத்தைப் பாருங்கள். என் வீட்டில் பரிசோதனை அறிக்கை வந்தபிறகுதான் 110-இல் நிறுத்தி வைத்தேன். மாதம் ஒரு முறை மீட்டரை விட்டுப் பார்ப்பேன். திருகைத் தொடாமலே எண் மெல்ல மெல்ல ஏறினால் மெம்பரேன் தளர்கிறது என்று அர்த்தம். சர்வீஸ்காரர் "வருஷம் ஆயிடுச்சு, மாத்தணும் சார்" என்று சொல்வதற்காக மட்டும் மாற்றுவதில்லை.

வெளியே போகும் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடிக்கிறேன். 1,380 உள்ளே போனால் வெளியே வருவது 1,800 பக்கம் இருக்கும். வீடு துடைக்க, கழிப்பறைக்கு, பாத்திரத்தின் முதல் அலசலுக்கு எடுத்துக்கொள்கிறோம். முதல் வருடம் தெரியாமல் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றினோம். இலை நுனியெல்லாம் கருகி, தொட்டி மண்ணில் வெள்ளைப் பூத்துவிட்டது. இப்போது செடிக்கு மழைத்தண்ணீர்தான்.

அக்கா முன்பணம் கொடுக்கவில்லை. ஒரு யு.வி. வாங்கி மாட்டியிருக்கிறாள், சம்ப் தொட்டியையும் கழுவி குளோரின் போட்டாயிற்று. கோடையில் அவர்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர் வருவதுண்டு, அது எங்கிருந்து எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் மீட்டரை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். லாரி வந்த அன்றைக்கு எண்ணைப் பார்த்துவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.