துளையட்டை: மூன்று தவணைக்குப் பிறகு

பல்தேர்வு விடைத்தாள் திருத்த இன்னும் துளையட்டைதானா, போன் செயலிக்கு மாறலாமே என்று கேட்ட நண்பருக்கு: இன்னும் அட்டைதான். சரியான விடை வரும் இடங்களில் துளை போட்ட மட்டை அது; விடைத்தாளின் மேல் வைத்து, துளைக்குள் தெரியும் புள்ளடிகளை (X) எண்ணினால் புள்ளி. வகுப்பில் 40 பிள்ளைகள், ஆளுக்கு 40 வினா என்றால் 1600 புள்ளடி. விடைப்பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தால் பின்னேரம் முழுக்கப் போய்விடும். செயலிக்கோ அதற்கென்று அடித்த தாள் வேண்டும், வட்டத்தை நிரப்பவும் வேண்டும். எங்கள் பிள்ளைகள் போடுவது புள்ளடி.

ஆனால் இந்த அட்டையில் தீராத எரிச்சல் ஒன்று. துளை சரியான விடையை மட்டும்தான் காட்டும். 17ஆம் வினாவுக்கு 2இலும் 3இலும் புள்ளடி போட்ட கெட்டிக்காரனுக்கும் ஒரு புள்ளி கிடைத்துவிடும். அதனால் அட்டை வைக்க முதல் விடைத்தாளை ஒருதரம் பார்த்து, இரட்டைப் புள்ளடி விழுந்த வரியைச் சிவப்புப் பேனையால் குறுக்கே வெட்டவேண்டும். மிச்சம் பிடித்த நேரத்தில் பாதி இதிலேயே கரைகிறது. மூன்று தவணையாக இதே பாடு.

அடுத்தது போட்டோக்கொப்பி. விடைத்தாளைப் பிரதி எடுக்கும்போது 97 வீதத்துக்குச் சுருங்கினால் ஏ4 தாளின் 297 மி.மீ. நீளத்தில் 9 மி.மீ. போய்விடும், பஞ்ச் துளையின் அகலமே 6 மி.மீ.தான். மேல்வரி பொருந்தும், கீழ்வரி அடுத்த வினாவைக் காட்டும். 1, 40 என்ற வினா இலக்கங்களுக்கும் அட்டையில் துளை போட்டு, இரண்டும் தெரிந்தால் மட்டும் எண்ணுங்கள். நடு நிரல்களுக்குப் பஞ்ச் எட்டாது, பிளேட்டால்தான் வெட்டவேண்டும். ஃபான் போட்டால் தாள் பறக்கும், போடாவிட்டால் வியர்வையில் அட்டை நெளியும். தடித்த மட்டையே எடுங்கள்.

எதிர்பாராத சுகமும் உண்டு. புள்ளடி தெரியாத துளைக்குள் சிவப்புப் பேனையால் ஒரு பொட்டு வைத்தால், சரியான விடை எதுவென்று பிள்ளைக்குத் தாளிலேயே தெரிந்துவிடும். திருத்திய தாள்களைப் புரட்டும்போது ஒரே வினாவில் எல்லாருக்கும் பொட்டு விழுந்திருந்தால், பிள்ளைகளை ஏச முதல் அட்டையைப் பாருங்கள், துளை பிழையான இடத்தில் இருக்கலாம்.

உள்ளதைச் சொன்னால், ஓஎச்பி தாளில் (கண்ணாடிபோல ஊடாகத் தெரியும் பிளாஸ்டிக் தாள்) விடைகளுக்கு வட்டம் போட்டு மேலே வைப்பது இதைவிட நல்லது. இரட்டைப் புள்ளடி மறையாது, வெட்டுகிற வேலையும் இல்லை. புதிதாகத் தொடங்குபவர் அதையே செய்யட்டும். அதற்குள்ளால் பொட்டு வைக்க முடியாது என்பதால் அடுத்த தவணைக்கும் நான் மட்டைதான் வெட்டப்போகிறேன்.